உடம்போடு சண்டை போடாமல் ஆரோக்கியப் பழக்கத்துக்கு வருவது எப்படி? முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

நான் ஒன்பது வருடம் தப்பான வரிசையில் போனவன். முதலில் உடம்பு இளைக்கட்டும், அப்புறம் நல்ல துணி வாங்கலாம், அப்புறம் டாக்டரிடம் போகலாம், அப்புறம் நாலு பேர் நடக்கிற இடத்தில் நாமும் நடக்கலாம் என்று எல்லாவற்றையும் அந்த ‘அப்புறம்’ தலையில் ஏற்றி வைத்திருந்தேன். அது வரவே இல்லை. நடுவில் நடந்தது இவ்வளவுதான்: மூன்று பட்டினி டயட், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினொரு நாள் மட்டும் போன ஜிம், நாலு வருடமாக எடுக்காமல் விட்ட ரத்தப் பரிசோதனை.

வரிசையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் பழக்கங்கள் நின்றன. இருக்கிற உடம்புக்கு வேண்டிய வசதியை இன்றைக்கே செய்துகொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நடை, சாப்பாடு, தூக்கம் என்று போக வேண்டும். கீழே உள்ளது அந்த வரிசை. நீங்கள் ஒன்பது வருடம் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பை ஏற்றுக்கொள்வது என்றால் கண்ணாடி முன்னால் நின்று ‘நான் அழகு’ என்று பத்து முறை சொல்வது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது சிரிப்பைத்தான் வரவழைத்தது. உங்கள் உடம்பு உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிடிக்காத வாடகை வீட்டிலும் குழாய் ஒழுகினால் சரிசெய்கிறோம் அல்லவா, அந்த அளவு அக்கறை போதும்.

செலவு என்று பார்த்தால் நாலு விஷயம்: அளவான துணி இரண்டு செட், ஒரு ஜோடி காலணி, ஒரு சுற்று ரத்தப் பரிசோதனை, இடுப்பை அளக்க ஒரு டேப். முடிந்தால் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வேறு எதை யார் விற்க வந்தாலும் முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள். நேரம் என்று பார்த்தால் முதல் மூன்று வாரம் ஏற்பாட்டுக்கே போய்விடும். பழக்கம் நாலாவது வாரத்தில் ஆரம்பம். மூன்று மாதம் கழித்துத்தான் முதல் கணக்கு.

கர்ப்பமாக இருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாடு தொடர்பான மனநலச் சிக்கலுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள் நான்காவது படியில் (டாக்டர்) தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. முதல் வாரம்: துணி அலமாரி

ஒரு மதியப் பொழுது ஒதுக்குங்கள். இன்றைக்குப் போட்டால் மூச்சு முட்டாத, உட்கார்ந்தால் இடுப்பை வெட்டாத துணிகளை மட்டும் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். மற்றதை ஒரு பெட்டியில் போட்டுக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்புங்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்த முடிவை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம்.

இங்கே எல்லோரும் விழுகிற குழி, ‘ஊக்கத்துக்காக’ இரண்டு அளவு சின்னதாக வாங்கித் தொங்கவிடும் துணி. என்னிடம் அப்படி ஐந்து இருந்தன. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அவை ஐந்தும் என்னைப் பார்த்து ஏதோ சொல்வது போலவே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு யாருக்கு நடக்கப் போகத் தோன்றும்?

உடற்பயிற்சிக்கென்று இரண்டு செட் இப்போதைய அளவில் வாங்குங்கள். பெண்களுக்கு மார்பைச் சரியாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை முக்கியம். அது சரியில்லாமல் நடையையே விட்டவர்கள் உண்டு. தொடை உரசுகிறவர்களுக்கு (எனக்கும்தான்) உள்ளே முழங்கால் வரை வரும் இறுக்கமான கால்சட்டையோ, கிளம்பும்முன் தொடையில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். இரண்டாவது நாளே தோல் உரிந்து, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ‘எனக்கு நடைப் பயிற்சி ஒத்துவராது’ என்று நான் முடிவு கட்டிய வருடம் ஒன்று உண்டு. ஒரு சின்ன டப்பாவில் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை.

2. அதே வாரம்: எடை மெஷின்

எடுத்து மேலே போட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு.

காரணம் கணக்குதான். ஒரே நாளில் எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடின சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், முந்தின நாள் செய்த புதுப் பயிற்சி, எல்லாமே அந்த எண்ணை நகர்த்தும். புது டயட்டின் முதல் வாரத்தில் ‘மூன்று கிலோ குறைந்தது’ என்று குதிப்பதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அது திரும்பி வரும்போது நாம் தோற்றுவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

விதிவிலக்கு உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை டாக்டர் தினமும் எடை பார்க்கச் சொல்வார், ஏனென்றால் திடீர் ஏற்றம் என்றால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் மெஷினை எடுத்து வைக்கக் கூடாது. அதேபோல, முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ‘இளைச்சிட்டியே, நல்லா இருக்கே’ என்ற பாராட்டு எத்தனையோ நோய்களைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

3. இரண்டாவது வாரம்: ஒரு கோப்பு போடுங்கள்

எடைக்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கான பதில் இந்தக் கோப்பில் இருக்கும். ஒரு சாதாரண ஃபைல் போதும். உள்ளே இருக்க வேண்டியவை: பழைய பரிசோதனை அறிக்கைகள் தேதி வரிசையில், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் (சத்து மாத்திரை, மூலிகைப் பொடி உட்பட), பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கு இருக்கும் சர்க்கரை, இதய நோய், தைராய்டு விவரம், இதுவரை முயன்ற டயட்டுகள், எத்தனை மாதம், நின்ற காரணம். கடைசியில் சொன்னதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த ஒரு பக்கம்தான் பின்னால் டாக்டரிடம் அதிகம் வேலை செய்தது.

மாத்திரைப் பட்டியலை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மன அழுத்த மருந்துகள், சில மனநோய் மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை. ‘எனக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பவரின் கோப்பில் பதில் மாத்திரை அட்டையாக இருக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

அடுத்து பரிசோதனைகள். அடிப்படைச் சுற்று இது: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, ரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். உங்களுக்கு எது தேவை, எது வேண்டாம் என்பதை டாக்டரே சொல்லட்டும். ‘முழு உடல் பரிசோதனை’ என்று எழுபது, எண்பது சோதனைகளை ஒரே மூட்டையாகக் கட்டி விற்பார்கள்; பாதி உங்களுக்குத் தேவைப்படாது, அதில் எங்கோ ஒரு எண் லேசாக நகர்ந்திருந்தால் வீண் பயம் வேறு.

வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை எல்லை, 126 அல்லது மேல் என்றால் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும்: 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.5 அல்லது மேல் நீரிழிவு வரம்பு. ரத்த சோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும். அதற்காகவும்தான் ரத்த எண்ணிக்கை. மூன்று மாத இடைவெளி இல்லாமல் திரும்ப எடுப்பது பணத்துக்குக் கேடு.

வீட்டிலேயே எடுக்கக்கூடியது இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப்பை வைத்துப் பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐக்குத் தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, கொழுப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. முன்னறிவிப்பாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். டேப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தொட வேண்டும். வாரா வாரம் தொட்டால் அது இன்னொரு எடை மெஷின் ஆகிவிடும்.

ரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பருத்த கை உள்ளவர்களுக்கு இங்கேதான் அநியாயம் நடக்கிறது. கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றி அளந்தபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாக வந்தது. மருந்து ஆரம்பிக்கிற அளவு வித்தியாசம் அது. எனக்கும் ஒரு கிளினிக்கில் இறுக்கமான பட்டையைப் போட்டு, அது இரண்டு முறை தானாகப் பிரிந்துகொண்ட பிறகு, மூன்றாவது முறை கையால் அழுத்திப் பிடித்து அளந்து, ‘பிபி எகிறிப்போச்சு’ என்று சொல்லி அனுப்பினார்கள். சரியான பட்டையில் வேறு எண் வந்தது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: “பெரிய பட்டை இருக்கா?” கருவி வாங்குவதாக இருந்தால் மேல்கையின் நடுவில் சுற்றளவை அளந்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பட்டை வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளக்கும் முறை: அரை மணி நேரம் முன்பு வரை காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை இதய மட்டத்தில். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள். அந்த ஏழு நாள் தாளைக் கோப்பில் சொருகுங்கள்.

4. மூன்றாவது வாரம்: டாக்டர்

பலர் டாக்டரிடம் போகாமல் இருப்பது நோய்ப் பயத்தால் அல்ல, பேச்சுப் பயத்தால். முழங்கால் வலி என்று போனாலும் ‘வெயிட்டைக் குறைங்க’, தலைவலி என்று போனாலும் அதே வார்த்தை. நான் நாலு வருடம் போகாமல் இருந்தது இதற்காகத்தான், அந்த நாலு வருடத்தில் என் சர்க்கரை எச்சரிக்கை எல்லைக்குள் நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை. நஷ்டம் எனக்கு.

போகும்முன் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்; அங்கே நேரம் இருக்காது. நான் பயன்படுத்தும் வாக்கியங்கள் இவை.

“டாக்டர், இதே பிரச்சினையோட ஒல்லியா ஒருத்தர் வந்தா என்ன செய்வீங்க? அதையும் எனக்குச் செஞ்சு பாக்கலாமா?”

“நான் ஏற்கனவே மூணு தடவை எடை குறைச்சு, மூணு தடவையும் திரும்ப ஏறியிருக்கு. விவரம் இந்தப் பக்கத்துல இருக்கு. எடையை விட்டு, முதல்ல எந்தப் பழக்கத்தை மாத்தலாம்?”

“எடை எண்ணை என்கிட்ட சொல்ல வேண்டாம், சிகிச்சைக்குத் தேவைன்னா மட்டும் சொல்லுங்க.” மெஷினில் திரும்பி நின்றும் எடை பார்த்துக்கொள்ளலாம். மயக்க மருந்து, சில மருந்துகளின் அளவு போன்றவற்றுக்கு எடை உண்மையிலேயே தேவைப்படும், அப்போது தடுக்காதீர்கள்.

ஒரு டாக்டர் இதையெல்லாம் கேட்டு எரிச்சல்பட்டால் இன்னொருவரைப் பாருங்கள். கோப்பு உங்கள் கையில் இருப்பதால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, கல்லீரல் கொழுப்பு போன்றவை இருப்பவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே எண்கள் நன்றாக மாறுவது தெரிந்த விஷயம். டாக்டர் காரணத்தோடு அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பை ஏற்றுக்கொண்டவர் சிகிச்சையை மறுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ‘எடைக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லை’ என்று ஒரு கூட்டம் ஆறுதல் சொல்லும். கேட்க இதமாக இருக்கும், ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை.

5. நான்காவது வாரத்தில் இருந்து: அசைவு

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமான என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது; அதையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறிய மூன்று நிமிடமும் கணக்கில் சேரும்.

150 என்ற எண்ணை முதல் வாரமே எட்ட வேண்டாம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடங்கள், ஒரு வேளை மட்டும். சாப்பாட்டுக்குப் பின் தசை வேலை செய்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும், ஆகவே பத்து நிமிடத்துக்கே பலன் உண்டு. இரண்டு வாரம் நின்றால் இன்னொரு வேளை சேருங்கள். இந்தக் கணக்கில் 150ஐத் தொட எனக்கு இரண்டரை மாதம் ஆனது. பத்தாயிரம் அடி என்று கைக்கடிகாரம் அலறினால் பொருட்படுத்தாதீர்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில் இருந்து வந்தது, ஆய்வுக்கூடத்தில் இருந்து அல்ல.

தசைப் பயிற்சிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும். தசை வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போகும், சில நாளில் அடங்கும். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல் வேறு கதை. உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.

ஜிம் போவதாக இருந்தால் இந்த மூன்றையும் பாருங்கள். முதலாவது, ஒரு மாதத்துக்கு மேல் பணம் கட்டாதீர்கள், வருடக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். நான் கட்டிய தொகையைப் பதினொரு நாளால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு ஜோடி காலணி வாங்கியிருக்கலாம். இரண்டாவது, விலகும் விதி, இடைநிறுத்தும் வசதி, பணம் திரும்பக் கிடைக்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ரசீது கோப்பில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டுக்குக் கையெழுத்து வேண்டாம். மூன்றாவது, சேர்ந்த அன்றே ‘முன்பு, பின்பு’ படத்துக்கு நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பயிற்றுநரிடம் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: “எனக்கு எடை இலக்கு இல்லை, படி ஏறினா மூச்சு வாங்காம இருக்கணும், அதுதான் இலக்கு.” இதைப் புரிந்துகொள்ளாத பயிற்றுநரிடம் காலத்தைக் கடத்தாதீர்கள்.

‘நேற்று அதிகமாகச் சாப்பிட்டேன், இன்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறேன்’ என்ற கணக்கை மட்டும் ஆரம்பிக்கவே கூடாது. அசைவு தண்டனையாக மாறிய அன்றே உடம்பு அதைத் தவிர்க்க வழி தேட ஆரம்பித்துவிடும்.

6. ஆறாவது வாரத்தில் இருந்து: சாப்பாடு

சாப்பாட்டை வேண்டுமென்றேதான் இவ்வளவு பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். எல்லோரும் இங்கே ஆரம்பிக்கிறார்கள், அதுவும் தடைப்பட்டியலோடு.

தடை போட்டால் மனது என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1944, 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆகிவிட்டது, சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், கட்டுப்பாடு விலகியதும் வயிறு நிறைந்த பிறகும் அடங்கவில்லை. திடமனது உள்ள இளைஞர்களுக்கே அந்த நிலை. இரவு பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்ற என்னை நான் மன்னித்தது இதைப் படித்த பிறகுதான்.

ஆகவே எதையும் எடுக்காமல், சேர்ப்பதில் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் நேரம் மட்டும்: நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். காலையைத் தவிர்த்தவர்தான் இரவில் கட்டுப்பாடு இழப்பவர், பெரும்பாலும். அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு தட்டிலும் காய்கறியையோ பழத்தையோ ஒரு கைப்பிடி கூட்டுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்பது இலக்கு. அதன் பிறகு புரதம். இப்படித் தட்டு நிறைந்ததும் மற்றவை தானாகக் கொஞ்சம் ஒதுங்கும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. இனிப்புப் பானங்களைப் பாதியாக்குவது. இவை இரண்டும் மூன்றாவது மாதத்துக்கு.

பசியைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்று எளிதாகச் சொல்வார்கள். வருடக்கணக்கில் டயட் இருந்தவர்களுக்குப் பசி எது, சலிப்பு எது என்றே தெரியாது. நிறைந்த செய்தி வயிற்றில் இருந்து மூளைக்குப் போக ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும்; தட்டை அந்த நேரத்துக்கு நீட்டினாலே பாதி பழகிவிடும். மீதி மாதக்கணக்கில் வரும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை டாக்டரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.

நாட்குறிப்பு எழுதினால் கலோரி எண்ண வேண்டாம். சாப்பிட்ட நேரம், அப்போதைய மனநிலை, இந்த இரண்டு பத்தி போதும். என்னுடையதில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரே மாதிரி சறுக்கல். அன்றுதான் எங்கள் அலுவலக வாராந்தரக் கூட்டம் என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது.

7. தூக்கம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஏழு மணி நேரம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், நடக்கத் தோன்றாது, எல்லாம் குலையும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நிற்பதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னால், பகலெல்லாம் தூக்கமாகவே வந்தால், தூக்கப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒல்லியானவர்களுக்கும் இது வரும்.

8. பக்கத்தில் இருப்பவர்களின் வாய்

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் ஒரு விசேஷ வீட்டில் ஒரு வாக்கியம் போதும், மூன்று மாதம் தரைமட்டம். பதிலை முன்கூட்டியே வைத்திருங்கள், அந்த நேரத்தில் தோன்றாது. பெரியவர்களிடம்: “அத்தை, என் உடம்புப் பேச்சு வேண்டாம். உங்க முட்டி வலி எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க.” நண்பர்களிடம் இன்னும் நேராக: “டேய், என் சைஸ் பத்தி ஜோக் அடிக்காத, நிஜமாவே வலிக்குது.” வீட்டில் இருப்பவர்களிடம் தனியாக உட்கார்ந்து, பாராட்டாகக்கூட எடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். இளைத்ததற்குப் பாராட்டு வாங்கினால், ஏறும்போது அதே கண்களைச் சந்திக்க வேண்டிவரும்.

போனில், பார்த்து முடித்ததும் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வைக்கும் கணக்குகள் எவை என்று ஒரு வாரம் கவனித்து, அவற்றைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். ஆரோக்கியம் என்ற பெயரில் வருபவையும் அதில் சேரும்.

9. தவறிய நாட்களும் கணக்கு முடிக்கும் நாளும்

ஒரு பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள், ஆளுக்கும் பழக்கத்துக்கும் தகுந்தபடி 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. ஆகவே ஒரு நாள் விட்டால் அதை நாட்காட்டியில் குறிக்கக்கூட வேண்டாம், மறுநாள் பத்து நிமிடத்துக்குத் திரும்புங்கள். இரண்டு வாரம் விட்டால் பழைய அளவில் பாதியில் இருந்து தொடங்குங்கள்.

மூன்றாம் மாத முடிவில் கோப்பைத் திறங்கள். ஹெச்பிஏ1சி, ஏழு நாள் ரத்த அழுத்தம், இடுப்பு டேப், அதோடு மூன்று கேள்வி: எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது? எத்தனை மணி நேரம் தூங்குகிறேன்? எந்தெந்த இடத்துக்குப் போவதை உடம்பைக் காரணம் சொல்லித் தவிர்த்தேன்? ஆறாம் மாதம் இதே தாள், இதே கேள்விகள். எனக்கு ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.1இல் இருந்து 5.6க்கு வந்தது. துணி அளவு அப்படியேதான் இருக்கிறது. பெட்டியில் போட்டதைக் கொடுத்துவிட்டேன்.

10. எப்போது இந்த வழிகாட்டியை மூடிவைக்க வேண்டும்

சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, மலமிளக்கி மாத்திரை போடுவது, ஒளித்துவைத்துச் சாப்பிடுவது, கட்டுப்பாடே இல்லாமல் அதிகமாகச் சாப்பிட்டு அதற்காக வெட்கப்படுவது அடிக்கடி நடப்பது, சாப்பாட்டுக்குப் பயந்து நாள்கணக்கில் தவிர்ப்பது, மாதவிடாய் நின்றுபோவது, உடம்பைப் பற்றிய எண்ணம் நாளின் பெரும்பகுதியைத் தின்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே உள்ள படிகளை விட்டுவிட்டு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இது எந்த அளவு உடம்புக்கும் வரும். பருத்தவர்களுக்கு வந்தால் ‘நல்லாத்தானே டயட் இருக்கார்’ என்று பார்ப்பவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள், அதனால்தான் நீங்களே கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே, அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கு, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் சந்திப்பில் அதே கோப்பை எடுத்துப் போகலாம். சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி மேசை மேல் வைத்தாலும் போதும். நான் அப்படித்தான் செய்தேன், அவர் படித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.